புல்லுக்காக மரத்தை வெட்டணுமா?

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வர வர, அவற்றைச் சுற்றிப் புதுப்புதுக் குடியிருப்புகளும் வந்துகொண்டே இருக்கின்றன. குடி வருகிறவர்களுக்கெல்லாம் ஓர் ஆசை... கம்பெனி வாசலில் இருக்கிற மாதிரி பச்சைப்பசேல் என்று ஒரு லான் வேண்டும்! ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால், அதைப் பெரிய மரத்தடியில்தான் போடுவோம் என்று அடம்பிடிப்பதும், புல் வரவில்லை என்றதும் மரத்தின் மேல் பழி போடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்கள் காலனி நடுவில், அந்த இடம் வயலாக இருந்த காலத்துப் புளியமரம் ஒன்று நிற்கிறது. அதன் அடியில் இரண்டு வருஷத்தில் மூன்று தரம் புல் பதித்தாகிவிட்டது. மூன்று தரமும் இரண்டே மாதத்தில் மஞ்சளாகி, திட்டுத் திட்டாகக் காய்ந்துபோனது. இப்போது, "மரத்தை எடுத்துட்டா எல்லாம் சரியாப் போயிடும்" என்று சங்கக் கூட்டத்தில் பேச்சு கிளம்பியிருக்கிறது. நாளைக்கு உங்கள் காலனியிலும் இதே பேச்சு வரலாம் தோழிகளே. அதனால்தான் எழுதுகிறேன்.

புல் ஏன் வருவதில்லை? லானுக்குப் போடுகிற அருகு வகைப் புல்லுக்கு நாளைக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். புளி, மா மாதிரி அடர்ந்த மரத்தடியில் அதற்கு எங்கே போவது? போதாததற்கு, தண்ணீரை உறிஞ்சுகிற மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல் மண்ணில், ஒன்றரை அடி ஆழத்துக்குள்தான் பரவியிருக்கும். நாம் ஊற்றுகிற தண்ணீரையும் போடுகிற எருவையும் மரம் முதலில் எடுத்துக்கொள்ளும். மிச்சம்தான் புல்லுக்கு. புளியமரத்தடியில் ஒன்றும் முளைக்காது என்று நம் பாட்டிமார் சும்மாவா சொன்னார்கள்?

எல்லா மரமும் அப்படியில்லை. தூங்குமூஞ்சி மரம் பொழுது சாய்ந்தால் இலையை மடக்கிக்கொள்ளும். மழை மூட்டம் போட்டாலும் மடக்கும். மழைத் தண்ணீர் நேராகத் தரைக்கு இறங்கும். வேர் முடிச்சுகளில் தழைச்சத்தும் சேரும். அதனால் அதன் அடியில் புல் நன்றாகவே வரும். ஆக, எந்த மரம் என்று பார்த்துத்தான் ஆசைப்பட வேண்டும்.

சென்னை அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரம் தெரியுமில்லையா? 1989-ல் புயல் காற்றில் நடு மரமே சாய்ந்தும், விழுதுகளின் பலத்தில் நிற்கிறது. அதைப் பார்க்கப் போனவர்கள் நிழலைக் கண்டு அசந்தார்களே தவிர, "அடியில் லான் இல்லையே" என்று யாராவது குறைப்பட்டதுண்டா?

குறுக்கு வழிகள் சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஓர் அடி உயரத்துக்குச் செம்மண் கொட்டலாம் என்கிறார்கள். கொட்டினால் வேருக்குக் காற்றுப் போகாமல் மரம் மெல்ல மெல்லப் பட்டுவிடும். மேலே தெரிகிற வேரை வெட்டினாலோ, ஒரு பக்கக் கிளையை மட்டும் மொட்டையடித்தாலோ, அடுத்த புயலில் மரம் யார் வீட்டின் மேல் சாயுமோ! 2016 டிசம்பரில் வர்தா புயல் மரங்களைச் சாய்த்துப்போட்டதை நாம் மறந்துவிட முடியுமா?

மரத்தை வெட்டிவிட்டு லான் போட்டால் மட்டும் செலவு தீர்ந்ததா? 1000 சதுர அடிப் புல்தரைக்குக் கோடையில் நாளொன்றுக்கு 500 லிட்டர் தண்ணீராவது வேண்டும். குடிக்கிற தண்ணீருக்கே லாரியை எதிர்பார்க்கிற காலனியில் இது தேவையா?

"அப்போ புழுதியிலேயே உட்காரச் சொல்றீங்களா?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. மரத்தைச் சுற்றி ஆறேழு அடிக்கு உதிர்ந்த இலையையே பரப்பிவிடலாம். ஈரம் காக்கும், மக்கினால் எருவாகும். அடிமரத்தை ஒட்டி மட்டும் குவிக்கக் கூடாது. அதற்கு வெளியே, பாதி நிழலில் மஞ்சள், இஞ்சி, வல்லாரை வைக்கலாம். சமையலுக்கும் ஆச்சு! காலை வெயில் விழுகிற ஓரத்தில் மட்டும், நிழல் தாங்குகிற அகல இலைப் புல்லாக நர்சரியில் கேட்டு வாங்கிப் போடுங்கள். கிளை கழிப்பதானால் எல்லாப் பக்கமும் சமமாக, ஒரு வருஷத்தில் கால் பங்குக்கு மேல் போகாமல் கழிக்கச் சொல்லுங்கள். நடுவில் நாலு கல் பெஞ்சு போட்டுவிட்டால் அதைவிட அழகு வேறென்ன?

இலைக் குப்பை, பூச்சி பொட்டு என்று சிலர் முகம் சுளிப்பதும் நியாயம்தான். பெருக்குகிற அம்மாவுக்கு வேலை கூடுதல். அதற்கு மாதம் கொஞ்சம் சேர்த்துக் கொடுப்போமே! மூன்று தரம் புல்லுக்குக் கொட்டிய காசில் எத்தனை மாதத்துக்குக் கொடுத்திருக்கலாம்?

இந்த மரத்தடியில்தான் இஸ்திரி போடுகிற அம்மாவின் வண்டி நிற்கிறது. ஸ்கூல் வேனுக்குக் குழந்தைகள் நிற்பது இங்கேதான். இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் பெண் பிள்ளைகள் இரண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். அக்னி நட்சத்திர வெயிலில் லான் மேல் யாரால் நிற்க முடியும்? மாசி, பங்குனியில் உலுக்கினால் வீட்டுக்கு வீடு புளியும் கிடைக்கிறது. லான் என்ன கொடுக்கும்?

சங்கக் கூட்டம் என்றால் வீட்டு ஆண்கள்தான் போகிறார்கள். காலையில் போய் ராத்திரி திரும்புகிற அவர்களுக்கு மரத்தடி கண்ணில் படுவதே ஞாயிற்றுக்கிழமைதான். பகல் முழுக்கக் காலனியில் இருப்பது நாம். அதனால் அடுத்த கூட்டத்துக்கு நாமும் போவோம், வாய் திறந்து சொல்வோம். புல்லை எப்போது வேண்டுமானாலும் பதிக்கலாம். இத்தனை பெரிய நிழலை நம் ஆயுசில் இன்னொரு தரம் வளர்க்க முடியுமா?

– ஒரு வாசகி, ஒரகடம்.