நாற்பது வயதின் துஆ



மண்ணாடிப்பட்டில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, பி.எட். படிக்கும் என் சகோதரியின் மகள் தேர்வுக்காக எரிக் எரிக்சனின் எட்டு வளர்ச்சிப் படிகளை மனனம் செய்துகொண்டிருந்தாள். என் வயதைக் கணக்கிட்டு, "மாமா, நீங்கள் ஏழாம் படியில் இருக்கிறீர்கள்" என்றாள். சிரித்தேன். அந்தப் பாடத்தை வாங்கிப் படித்தபின் சிரிப்பு நிலைக்கவில்லை.

வளர்ச்சி என்பது பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்றே நாம் எண்ணுகிறோம். பிறப்பு முதல் முதுமை வரை மனிதன் வளர்ந்துகொண்டே இருக்கிறான் என்று 1950இல் வெளியான தம் நூலில் எரிக்சன் எழுதினார். நடுவயதில் எழும் கேள்வி: அடுத்த தலைமுறைக்காக உழைக்கிறாயா, உனக்குள்ளேயே தேங்கிவிட்டாயா? முதுமையின் கேள்வி: வாழ்ந்த வாழ்வை நிறைவோடு ஏற்கிறாயா, கசந்துபோகிறாயா?

மனித வாழ்க்கைச் சுழற்சி பற்றிய கருத்தரங்கிற்காக 1962இல் அகமதாபாத் வந்த எரிக்சன், அங்கே 1918இல் நடந்த ஆலைத் தொழிலாளர் போராட்டத்தை ஆராய்ந்து 1969இல் ஒரு நூல் வெளியிட்டார். தொழிலாளருக்காக உண்ணாநோன்பிருந்த காந்தியடிகளுக்கு அப்போது வயது 48. நடுவயதுப் பொறுப்பின் உயர்வை அவரிடம் கண்ட எரிக்சன், தம் குடும்பத்தாரிடம் அவர் காட்டிய கடுமையையும் அதே நூலில் விமர்சித்தார்.

இங்கே திருமறையின் 46:15 வசனம் நினைவுக்கு வருகிறது. நாற்பது வயதை அடைந்த மனிதன், தனக்கும் தன் பெற்றோருக்கும் அருளப்பட்டவற்றுக்கு நன்றி செலுத்தவும், நற்செயல் புரியவும், தன் சந்ததி சீர்பெறவும் இறைஞ்சுகிறான். எரிக்சனின் ஏழாம் படி பெரிதும் அடுத்த தலைமுறையையே நோக்குகிறது. இந்த வசனமோ பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒரே துஆவில் சேர்க்கிறது.

நம் நிலை என்ன? அந்த வயதில் நம்மில் பலர் வளைகுடாவில் இருக்கிறோம். நானும் இருந்தேன். அத்தா தொலைபேசியில் "சாப்பிட்டாயா?" என்று கேட்பார், நான் "பணம் வந்ததா?" என்று கேட்பேன். அவருடைய கேள்விக்கு அமர்ந்து பதில் சொல்ல நான் ஊர் திரும்பியபோது அவர் மௌத்தாகியிருந்தார்.

திருமறை இருக்க, இந்தக் கோட்பாடுகள் எதற்கு என்று சிலர் கேட்கலாம். வஹீக்கு நிகராக எவரும் அவற்றை வைக்கவில்லை. அவை மனிதர் வகுத்தவை, திருத்தத்துக்கு உரியவை. எரிக்சனின் மறைவுக்குப் பின் அவருடைய மனைவி ஜோன் ஒன்பதாம் படி ஒன்றைச் சேர்த்தார். ஆயினும் அந்த வசனத்தைப் பலமுறை ஓதிய என்னிடம், "உன் வயது என்ன?" என்று கேட்டது அந்தப் பாடநூல்தான்.

ஆகவே பிள்ளைகள் இப்பாடத்தை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்க வேண்டாம். வீட்டில் உரக்கப் படிக்கட்டும். நாற்பதைக் கடந்தவர்கள் இந்த ஜும்ஆ நாளிலேயே பெற்றோர் அருகில் அமர்ந்து, அவர்கள் வாழ்ந்த கதையைக் கேளுங்கள். பேரப்பிள்ளைகளும் உடனிருக்கட்டும்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் உரிய கடமையை உரிய காலத்தில் நிறைவேற்ற அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.