அந்தக் கேள்வியின்போது வெளியே நிற்போம்

முகத்துத் தழும்பைச் சீராக்க, தொங்கும் வயிற்றுத் தோலை எடுக்க என்று நம் ஊரிலிருந்தும் சிலர் இப்போது கொழும்புக்குப் போகிறார்கள். அது தேவையா என்ற வாதம் வேறு. "புகைப்பீங்களா?" என்று வைத்தியர் கேட்கும்போது பக்கத்தில் வாப்பாவோ மனைவியோ நிற்கிறார். "இல்லை" என்றுதான் பதில் வரும். வெட்கம்.

இந்தச் சத்திரசிகிச்சையில் அந்தப் பொய் காயத்தில் தெரியும். பிரித்தெடுத்து இழுத்துத் தைத்த தோல், மிச்சமிருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்களை நம்பித்தான் பிழைக்கிறது. நிகொட்டின் அவற்றைச் சுருக்கிவிடும். வகுப்பில் நாம் படிப்பிக்கும் அதே காபனோரொட்சைட்டு, இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தையல் ஓரம் கறுத்து, தோல் செத்து, காயம் பிரியலாம். தழும்பை மறைக்கப் போனவர் பெரிய தழும்போடு திரும்புவார். மின் சிகரெட்டுக்கு மாறியும் பயனில்லை, அதிலும் பெரும்பாலும் நிகொட்டின்தான்.

முன்னும் பின்னும் குறைந்தது 4 வாரமாவது நிறுத்தச் சொல்வார்கள். நோன்பில் பகல் முழுக்க விட்டிருப்பவர்கள்தானே நம்மவர்கள். (நோன்பு திறந்ததும் சந்தியில் எழும் புகை வேறு கதை.)

ஆகவே வீட்டார் நாம் அந்தக் கேள்வியின்போது அறைக்கு வெளியே நிற்போம். உண்மையைச் சொன்னதால் சிகிச்சைத் திகதி தள்ளிப்போனால், ஏன் என்று துருவ வேண்டாம். சுகம் விசாரிக்கப் போகும் கூட்டாளிமாரே, "ஒரு பிளேன்டீ குடிப்போம்" என்று அவரை வெளியே கூட்டிப் போகாதீர்கள்.