ஒத்திகை மேடை யாருக்குச் சொந்தம்?



சென்ற திங்களில் சேக்காட்டில் ஒரு தெருமுனைக் கூட்டம். பேசி முடித்து, துண்டால் முகம் துடைத்து, தேநீரைக் கையில் வாங்கிய நேரம். ஐம்பதைக் கடந்த ஒருவர் அருகே வந்தார். கையிலே எண்ணெய்க் கறை, கண்ணிலே கவலை. அம்பத்தூரில் லேத்துப் பட்டறை வைத்திருப்பவர். மூன்று இயந்திரம், ஐந்து ஆள். முப்பது ஆண்டுகளாக மோட்டார் சைக்கிள் என்ஜினுக்கு உதிரிப் பாகம் கடைந்து கொடுத்து, அந்த வருவாயில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்.

"தம்பி! மின்சார வண்டி வருகிறது, தமிழகம் முந்துகிறது என்று மேடையிலே முழங்கினாய். கேட்கக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. அந்த வண்டியிலே பிஸ்டன் உண்டா?"

"இல்லை, அண்ணே."

"வால்வு? கிராங்க்? சைலன்சர்?"

"இல்லை, அண்ணே."

"அப்படியானால் நான் உண்டா?"

பதில் சொல்ல வாய் எழவில்லை எனக்கு. அவரே தொடர்ந்தார். "புதிய வண்டிக்கும் பாகம் செய்து தருகிறேன் என்று ஒரு கம்பெனிக்குப் போனேன். காகிதத்திலே வரைந்து காட்டினேன். 'இதெல்லாம் வேண்டாம், பெரியவரே. கணினியிலே வரைந்து, சிமுலேஷன் பார்த்து, கோப்பாகக் கொண்டு வாருங்கள்' என்றார்கள். கையிலே தொழில் இருக்கிறது, தம்பி. கணினிதான் இல்லை."

தேநீர் ஆறிப்போயிற்று. அவர் கேள்வி மட்டும் ஆறவில்லை. அதை உங்கள் முன்னால் வைக்கவே இந்த ஞாயிறு பேனாவை எடுத்தேன்.

நான் நாடகக்காரன். கல்லூரியைப் பாதியில் விட்டவன். பொறியியல் படித்தவன் அல்லன். ஆயினும் அறிந்தவர்களைக் கேட்டறிந்ததை, எனக்குத் தெரிந்த மொழியில் சொல்கிறேன். சிமுலேஷன் என்றால் ஒத்திகை! ஒத்திகை பாராமல் அரங்கேறிய நாடகத்திலே அரசன் வசனம் மறப்பான், அமைச்சன் தாடி கழன்று விழும், அவையோர் சிரிப்பர். வண்டிக்கும் அதே கதைதான். ஆனால் அங்கே விழுவது ஒட்டுத் தாடியல்ல, மனிதன்!

வண்டியின் சட்டத்தை முதலில் திரையிலே வரைகிறார்கள். அதை வலைபோலப் பின்னி, இலட்சக்கணக்கான சின்னஞ்சிறு கூறுகளாகப் பிரிக்கிறார்கள். சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் எந்தக் கூறு எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்கிடச் சொல்கிறார்கள். தாங்காத இடம் சிவந்து தெரிகிறது. மோட்டாரின் காந்தப் புலத்துக்கு ஓர் ஒத்திகை. மின்கலம் எங்கே சூடாகிறது, அந்தச் சூடு எந்த வழியே வெளியேறுகிறது என்பதற்கு ஓர் ஒத்திகை. எதிர்க்காற்றுக்கு ஓர் ஒத்திகை. உலோகத்திலே பத்து முறை செய்து பத்து முறை உடைத்துப் பார்த்த காலம் போய், திரையிலே நூறு முறை உடைத்துவிட்டு, பிறகு உலோகத்தைத் தொடும் காலம் வந்துவிட்டது. அதனால்தான் ஆலையும் பரம்பரைச் செல்வமும் இல்லாத இளைஞர்கள்கூட ஒரு மோட்டார் சைக்கிளைப் படைக்கத் துணிகிறார்கள்.

துணிந்தவர்கள் இருக்கிறார்கள், நம் சென்னையிலேயே! ராப்டீ என்ற நிறுவனம் 2019-இல் தொடங்கப்பட்டது. 2024 அக்டோபரில் டி30 என்ற மின்சார மோட்டார் சைக்கிளைக் கொண்டு வந்தது. அன்றைய விலை 2 இலட்சத்து 39 ஆயிரம் ரூபாய். சாதாரண மின் ஸ்கூட்டர்கள் 48, 60, 72 வோல்ட் என்று ஓடிக்கொண்டிருக்க, இவர்கள் 240 வோல்ட் மின்னழுத்தத்தை இரு சக்கரத்தில் ஏற்றினார்கள். மின்சாரக் கார்களுக்காகச் சாலையோரம் நிற்கும் சி.சி.எஸ்.2 மின்னேற்றியிலேயே இந்த வண்டிக்கும் மின்னேற்றலாம் என்றார்கள். பிறர் வரைந்ததைப் பார்த்து எழுதியவர்களின் வேலையல்ல இது; வரையத் தெரிந்தவர்களின் வேலை.

இதைக் கண்டு நான் ஏன் இவ்வளவு துள்ளுகிறேன்? நம் வரலாறு அப்படி!

1955 சனவரியில் இந்த ஆவடி மண்ணிலே காங்கிரசு மாநாடு கூடிற்று. சமதர்மப் பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டார்கள். அதே ஆண்டு, நகரின் மறுகோடியில், திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலை எழத் தொடங்கிற்று. இங்கிலாந்திலிருந்து பாகங்கள் வந்தன; நம்மவர் கை அவற்றைப் பொருத்திற்று. பின்னர் பாகங்களையே இங்கு செய்தோம். தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மூடிப்போன பிறகும் நம் தொழிலாளி புல்லட்டை வாழ வைத்தான். பெருமைதான்! ஆனால் அந்த அடிப்படை வரைபடம்? சீமையில் பிறந்த அதே இரும்பு என்ஜின் அரை நூற்றாண்டுக்கு மேல் அப்படியே ஓடிற்று. கை நம்முடையது, கோடு அவர்களுடையது.

இங்கே, சேக்காட்டுக்கு அருகே, கனரக வாகனத் தொழிற்சாலை நிற்கிறது. 1965-இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. நாடே கைதட்டியது. வரைபடம் பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்துடையது. அடுத்து வந்த டி-72, டி-90 ஆகியவற்றின் வரைபடம் உருசிய நாட்டுடையது. பக்கத்திலேயே ஆவடியின் போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனத்தில் அர்ஜுன் டாங்கியை நம்மவர் வரைந்தார்கள். ஆண்டுகள் பல ஆயின; ஏளனங்கள் பல எழுந்தன. ஏன்? பொருத்தப் பழகிய நாட்டுக்கு வரைவது புதிது. வரையாமல் வரையப் பழகுவது எப்படி?

"யார் வரைந்தால் என்ன, வேலை கிடைத்தால் போதாதா?" என்று கேட்கும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மூன்று விடை.

ஒன்று, உயிர். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் மின்னேற்றிக்கொண்டிருந்த வண்டி தீப்பற்றியது. தந்தையும் மகளும் மூச்சுத் திணறி மாண்டார்கள். அந்தக் கோடையில் நாட்டின் பல இடங்களில் மின் வண்டிகள் எரிந்தன. ஆராய்ந்த நிபுணர்கள் மின்கலத் தொகுப்புகளின் வடிவமைப்பிலே குறை, சோதனையிலே குறை என்றார்கள். நம் வெயிலுக்கு வரையாத வண்டியை, நம் வெயிலிலே ஒத்திகை பாராமல் அவசரமாய் விற்றால் கணக்குத் தீர்க்க வருவது நெருப்பு!

இரண்டு, விடுதலை. மின் மோட்டாருக்கு வேண்டிய அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்கு 2025 ஏப்ரலில் சீனம் கட்டுப்பாடு விதித்தது. இந்திய வண்டித் தொழிற்சாலைகள் கலங்கின. வரையத் தெரிந்தவன் அந்தக் காந்தமின்றி ஓடும் மோட்டாரை வரைய முயல்வான். பொருத்த மட்டும் தெரிந்தவன் துறைமுகத்தைப் பார்த்துக் கைகட்டி நிற்பான்.

மூன்று, வாழ்வு. ஏத்தர் நிறுவனத்தின் கதை உங்களுக்குத் தெரியும். கிண்டியிலுள்ள ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் இருவரும் 2013-இல் தொடங்கியது. இங்கேதான் கருவுற்றது, பெங்களூருக்குப் பெயர்ந்தது. தொழிற்சாலை மட்டும் 2021 முதல் நம் ஓசூரில் இயங்குகிறது. அவர்கள் மேல் குற்றமில்லை. பறவை, மரம் இருக்கும் இடத்தில் கூடு கட்டும். ஆனால் நாம் சிந்திக்க வேண்டாமா? மூளைக்கு அங்கே கூடு; கைக்கு இங்கே கூலி! வரைபவனுக்கு ஒரு சம்பளம், பொருத்துபவனுக்கு ஒரு சம்பளம். இரண்டும் ஒன்றென்று எந்தக் கணக்குப்பிள்ளையும் சொல்லமாட்டான்.

இந்த இடத்தில்தான் ஒன்றிய அரசின் கொள்கையைக் கூண்டில் ஏற்றுகிறேன். மின் வண்டிக்கு மானியம் கொடுத்தார்கள், மறுக்கவில்லை. எதை அளந்து கொடுத்தார்கள்? மின்கலத்தின் கொள்ளளவை! ஃபேம் இரண்டாம் கட்டத் திட்டத்தில் இரு சக்கர வண்டிக்குக் கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். 2023 சூனில் 10,000 என்று இறக்கினார்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் 5,000 என்றார்கள். அடுத்த நிதியாண்டில் 2,500 என்றார்கள். ஏற்றமும் இறக்கமும் இருக்கட்டும். கலத்தைப் பார்த்தார்கள்; கலத்துக்குள் இருப்பதில் பெரும்பகுதி கடல் கடந்து வருகிறதே, அதைப் பார்த்தார்களா? பாகங்கள் உள்நாட்டில் செய்யப்பட வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். அதை மீறி மானியம் வாங்கினீர்கள் என்று 2023-இல் சில நிறுவனங்களிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கவும் நேர்ந்தது. ஆனால் இந்த வண்டியை வரைந்தவன் யார், எங்கே வரைந்தான் என்ற கேள்வியை மானியத்தின் அளவுகோல் ஆக்கவில்லை. படியால் அளந்தார்கள் பாலை, பசுவை மறந்தார்கள்!

சரி, வரைவோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எதைக் கொண்டு வரைவது? அந்த ஒத்திகை மேடை யாருக்குச் சொந்தம்?

வடிவமைப்பு மென்பொருளிலும் சிமுலேஷன் மென்பொருளிலும் பெரும் பெயர்களில் பெரும்பாலானவை பிரான்சு, செருமனி, அமெரிக்க நிறுவனங்களுடையவை. மாணவனுக்கு இலவசம் என்பார்கள். வணிகத்துக்கு அது உதவாது. புதிய நிறுவனத்துக்கு முதலில் சலுகை என்பார்கள். கை பழகிய பிறகு ஆண்டுதோறும் வாடகை. குத்தகை நிலத்திலே பயிரிடும் உழவன் நிலைதான் இது. அந்த நிலக்கிழார்களோ ஒருவரை ஒருவர் விழுங்கி வளர்கிறார்கள். 2025 மார்ச்சில் ஆல்டேர் நிறுவனத்தைச் சீமென்ஸ் வாங்கிற்று. ஏறத்தாழ 1,000 கோடி டாலர். அதே ஆண்டு சூலையில் ஆன்சிஸ் நிறுவனத்தைச் சினாப்சிஸ் வாங்கிற்று. ஏறத்தாழ 3,500 கோடி டாலர். மேடைகள் குறைந்தால் வாடகை குறையுமா, ஏறுமா?

வாடகையாவது பரவாயில்லை. கதவைப் பூட்டிவிட்டால்? 2025 மே மாதத்தில் சிப்பு வடிவமைப்பு மென்பொருளைச் சீனத்துக்கு விற்காதே என்று அமெரிக்க அரசு தன் நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. சூலையில் விலக்கிக்கொண்டது. அதே சூலையில், குசராத்தில் எண்ணெய் ஆலை நடத்தும் நயாரா நிறுவனத்துக்கு மைக்ரோசாஃப்ட் தன் சேவையை நிறுத்தியது. நீதிமன்றப் படியேறிய பிறகே அது திரும்பியது. சீனத்துக்கு நேர்ந்தது சீனத்தோடு போகட்டும் என்பீர்களா? நயாரா இந்திய மண்ணில் நிற்கும் ஆலை அல்லவா?

நான் கணினியை எதிர்ப்பவன் அல்லன். சீமை மென்பொருளைக் கொளுத்துங்கள் என்று தீப்பந்தம் தரவும் வரவில்லை. நல்ல கருவி எங்கிருந்து வந்தாலும் நல்ல கருவியே. ஆனால் ஒரு கருவியின்றி நம் தொழிலே நின்றுவிடும் என்றால், அந்தக் கருவி நமக்குப் பணியாள் அல்ல, எசமானன்!

நம்மவர்களுக்கும் ஒரு சொல். ஓசூரிலே இத்தனை ஆலை, கிருட்டிணகிரியிலே இத்தனை ஆலை என்று மேடைதோறும் பட்டியல் படிக்கிறோம், நானும் படிக்கிறேன். இனி அந்தப் பட்டியலோடு இன்னொன்றும் படிப்போம்: இங்கே வரைந்த வண்டி எத்தனை? இங்கே சோதித்த மோட்டார் எத்தனை? அம்பத்தூர்ப் பட்டறையின் பெயர் எந்த வரைபடத்தில் இருக்கிறது?

வழி இல்லாமல் இல்லை. டைடல் பூங்காவிலே டான்கேம் என்ற மையத்தைத் தமிழக அரசின் டிட்கோ, பிரான்சின் தசோ நிறுவனத்தோடு சேர்ந்து அமைத்து, 2022-இல் திறந்தது. சீமென்சோடு டான்சாம் அமைந்தது. நல்ல தொடக்கம், பாராட்டுகிறேன். ஆனால் தரமணி எங்கே, அம்பத்தூர் எங்கே? லேத்தை நிறுத்திவிட்டு, ஒருநாள் வருவாயை இழந்து, நகரைக் குறுக்கே கடந்து அவர் போவாரா? நமக்கு அருகே பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. அங்கே ஒரு தளத்தில் ஒரு மூலை போதும்! அம்பத்தூர், ஆவடி, திருமழிசைப் பட்டறைக்காரர்களுக்கு மாலை நேரத்தில் மணிக்கணக்குக் கட்டணத்தில் ஒத்திகை மேடை. ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்குத் தமிழிலே பாடம். என்ஜின் பாகம் கடைந்தவர் மோட்டார் உறை கடையவும், மின்கலப் பெட்டி செய்யவும் வழிகாட்ட ஓர் ஆசிரியர். இது நம் கோரிக்கை. அரசு நம்முடையதென்றாலும் கேட்போம்; நம்முடையது என்பதால் உரக்கவே கேட்போம்.

அரசு செய்யும் வரை நாம் என்ன செய்வது? கைகட்டி இருப்பதா? நாளேடு வாங்கக் காசில்லாத காலத்தில் தெருவுக்கொரு படிப்பகம் திறந்த இயக்கத்தார் நாம்! முடிதிருத்தும் நிலையத்திலே ஏட்டைப் படிக்கக் கேட்டு அரசியல் பழகியவர்கள் நம் பெரியவர்கள். அந்தப் படிப்பகத்தில் இன்று ஒரு கணினி வைப்போம். ஃப்ரீகேட் என்ற வடிவமைப்பு மென்பொருள் இருக்கிறது. எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்; அதன் உள்ளமைப்பைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம்; வாடகை இல்லை, பூட்டு இல்லை. 2002 முதல் தன்னார்வலர்கள் வளர்த்த அது, 2024 நவம்பரில் 1.0 என்ற நிலையை எட்டிற்று. காற்றோட்டத்தைக் கணக்கிட ஓப்பன்ஃபோம் என்ற மற்றொன்று இருக்கிறது. விலை கொடுத்து வாங்குவனவற்றின் வசதி எல்லாம் இவற்றில் உண்டா என்றால், இல்லை, பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு பட்டறைக்காரர் தன் பாகத்தை வரைந்து, அது எங்கே முறியும் என்று பார்க்கப் போதும். கற்ற கை பின்னர் எந்தக் கருவியையும் பிடிக்கும்.

பொறியியல் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளை உங்கள் வட்டத்தில் இல்லையா? ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் கேளுங்கள். அவனுக்கு மாணவர் கிடைப்பர். பட்டறைக்குக் கண் கிடைக்கும்.

சேக்காட்டில் என்னைக் கேட்ட பெரியவருக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

அண்ணே, அந்த வண்டியிலே பிஸ்டன் இல்லை, நீங்கள் உண்டு! உங்கள் கை அறிந்த உலோகத்தை எந்தத் திரையும் அறியாது. திரை கற்ற பிள்ளையை உங்கள் பட்டறைக்கு அனுப்புகிறோம். நீங்கள் அவனுக்கு உலோகத்தைக் கற்றுக்கொடுங்கள். அவன் உங்களுக்கு ஒத்திகையைக் கற்றுக்கொடுப்பான். அடுத்த கூட்டத்துக்குச் சேக்காடு வருகிறேன். அன்று என் கையில் துண்டறிக்கை வேண்டாம். நீங்கள் வரைந்த கோடு ஒன்றைக் கொடுங்கள். அதை மேடையில் உயர்த்திக் காட்டுகிறேன்.