இரண்டு நிமிட அச்சம்

எழுத்தில் அச்சத்தைத் தோற்றுவிப்பது அரிது. திரையில் தோற்றுவிப்பது எளிது என்று பலரும் கருதுகின்றனர். இருளும் இரத்தமும் ஓர் அலறலும் இருந்தால் போதும் என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணம் பிழையானது என்பதை நம் துறை மாணவர் நால்வர் எடுத்த இரண்டு நிமிடப் படம் நமக்கு உணர்த்தியது. படமெடுத்தோர்க்கு மட்டுமன்றி, வழிகாட்டிய நமக்கும் அது பாடமாயிற்று. ஆதலின் அதனை இம்மலரில் பதிவு செய்ய விழைகின்றோம்.

திகில் படமொன்றின் தொடக்கத்தை மட்டும் படமாக்கும் இப்பயிற்சி நாம் புதிதாகக் கண்டதன்று. இங்கிலாந்தின் ஓ.சி.ஆர். தேர்வு வாரியம் 2008இல் நடைமுறைப்படுத்திய ஊடகவியல் பாடத்திட்டத்தில், புதிய கதைப்படம் ஒன்றின் பெயர்ப்பட்டியலையும் தொடக்கத்தையும் இரண்டு நிமிடத்திற்கு மிகாமல் எடுப்பது ஒரு செய்முறைப் பணியாக இருந்தது. அதற்கு முன்னர் ஒரு சிறு தேர்வும் உண்டு. ஒருவர் கதவைத் திறந்து, அறையைக் கடந்து, மற்றொருவர் எதிரில் அமர்ந்து இரண்டொரு சொற்கள் பேசுவதைப் படமெடுத்துத் தொகுத்துக் காட்டவேண்டும். 2017இல் புதிய பாடத்திட்டம் வந்து அதன் இடத்தைப் பெற்றுவிட்டது. எனினும் அப்பயிற்சியின் பயன் குன்றவில்லை என்று கருதியே நாம் அதனைக் கைக்கொண்டோம்.

நம் மாணவர் அச்சிறு தேர்வை வேண்டாவென்று தள்ளிவிட்டனர். கதவைத் திறப்பதில் கற்க என்ன இருக்கிறது என்பது அவர்கள் வாதம். அவர்கள் கொணர்ந்த கதையோ நாம் பன்முறை கண்டதே. மாலை மங்கிய வேளை, தனியே நடக்கும் ஒரு பெண், பின்தொடரும் காலடிகள், ஓட்டம், கத்தி, அலறல். நாமும் அதற்கு இசைவளித்தோம் என்பதை ஒளிக்காமல் ஒப்புகின்றோம்.

படத்தைத் துறையில் திரையிட்டபோது அனைவரும் சிரித்தனர். ஓடும் பெண்ணைப் பாதையின் ஒருபுறமிருந்தும், துரத்துபவனை மறுபுறமிருந்தும் எடுத்திருந்தனர். ஆகவே திரையில் அவள் இடமிருந்து வலமாக ஓட, அவன் வலமிருந்து இடமாக ஓடினான். துரத்தல், நெடுநாள் பிரிந்தோர் சந்திக்க ஓடிவருவது போலாயிற்று. நடிக்கும் இருவரையும் இணைக்கும் ஒரு கற்பனைக் கோட்டைக் கருவி தாண்டலாகாது என்பது படத்தொழிலின் அடிப்படை விதி. தள்ளிவிட்ட அச்சிறு தேர்வு கற்பிப்பது இதனைத்தான். இருளில் எடுத்தமையால் முகமும் தெரியவில்லை; காற்றின் இரைச்சலில் காலடியோசையும் கேட்கவில்லை.

சிரிப்பு அடங்கியபின், ஓடும் பெண்ணாக நடித்த மாணவி எழுந்து கேட்டார்: "ஐயா, பயம் என்றாலே ஒரு பெண்ணைத்தான் துரத்த வேண்டுமா? பயப்படுவதற்கு வேறு ஒன்றுமே இல்லையா?"

அவ்வினாவிற்கு உடனே விடைகூற நம்மால் இயலவில்லை. விடையோ நம் பாடநூலிலேயே இருந்தது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல், மெய்ப்பாடுகள் எட்டனுள் ஒன்றாக அச்சத்தை வைத்து, அது பிறக்கும் இடங்கள் நான்கென வகுக்கின்றது. வருத்தும் தெய்வம், கொடிய விலங்கு, கள்வர், தம் அரசன் என்பன அவை. முதல் மூன்றும் புறத்திலிருந்து தாக்க வருவன. நான்காவதோ வேறு வகை. அரசனை அஞ்சுவோன் பெரும்பாலும் தன் பிழையையே அஞ்சுகின்றான். ஆண்டுதோறும் வகுப்பில் நாம் நடத்தும் இப்பகுதி, படக்கதைக்கு இசைவளித்தபோது நம் நினைவிற்கு வரவில்லை. மாணவர் கள்வரை மட்டுமே எடுத்துக்கொண்டனர். மற்ற மூன்றும் கேட்பாரற்றுக் கிடந்தன.

இனி, அச்சத்தைக் கட்டமைக்கும் முறை யாது? இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்காக் 1962இல் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா திரூபோவுடன் நிகழ்த்திய நெடிய உரையாடலில் இதனை விளக்கியுள்ளார். இருவர் அமர்ந்து பேசும் மேசைக்கடியில் வெடிகுண்டு உள்ளது. அது திடீரென வெடித்தால் பார்ப்போர்க்குக் கிடைப்பது சில நொடி அதிர்ச்சியே. குண்டு இருப்பதையும் வெடிக்கும் நேரத்தையும் அவர்களுக்கு முன்னரே சொல்லிவிட்டால், அதே வெற்றுப் பேச்சு பல நிமிடம் பதைபதைப்பைத் தரும். ஆர்சன் வெல்ஸ் 1958இல் வெளியான 'டச் ஆஃப் ஈவில்' படத்தை இவ்வாறே தொடங்கினார். ஒரு கை குண்டின் நேரத்தைத் திருகி வைக்கின்றது. காரின் பின்பெட்டியில் குண்டு வைக்கப்படுகின்றது. பின்னர் மூன்று நிமிடங்களுக்கு மேல், வெட்டே இல்லாமல், அக்கார் மக்கள் நடமாடும் தெருவில் ஊர்ந்து செல்கின்றது. அங்கே நிகழ்வதெல்லாம் அன்றாட நிகழ்ச்சிகளே. நமக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாது என்பதுதான் அச்சம்.

தமிழில் எஸ். பாலசந்தர் 1954இல் இயக்கிய 'அந்த நாள்', பாடலே இன்றி ஒரு கொலையோடு தொடங்கியது. 'யார் கொன்றது?' என்பது அதன் வினா. அது மர்மம். 'எப்போது நிகழும்?' என்று ஏங்க வைப்பது பதைபதைப்பு. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிந்த பின்னரே மாணவர் மீண்டும் எழுத அமர்ந்தனர்.

இரண்டாம் கதை நூலகத்தில் நிகழ்வது. மாணவன் ஒருவன் திருடிய வினாத்தாளை ஒரு தடித்த நூலுக்குள் மறைத்து, அலமாரியில் வைத்துவிட்டுச் செல்கின்றான். பேராசிரியர் ஒருவர் அந்நூலை எடுத்துத் தம் மேசைமேல் வைக்கின்றார். மறுநாள் அவன் வந்து அலமாரியில் தேடுகின்றான். நூல் எங்குள்ளதென்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. பேராசிரியரின் கை நூலின் அட்டையைத் தொடும்போது படம் நிற்கின்றது. கத்தி இல்லை, இரத்தம் இல்லை, ஓடும் பெண் இல்லை. தொல்காப்பியம் கூறும் நான்காம் அச்சம் மட்டும் உண்டு.

இம்முறை கருவியைத் தொடுமுன் பத்து நாள் தாளிலேயே கழிந்தது. இரண்டு நிமிடம் என்பது 120 நொடி. ஒரு 'ஷாட்' சராசரி ஐந்து நொடி எனக் கொண்டால் 24 'ஷாட்'டுகளே கிடைக்கும். பெயர்ப்பட்டியலும் அதற்குள் அடங்கவேண்டும். ஒவ்வொன்றிற்கும் ஒரு கட்டம் வரைந்து, பார்ப்பவர் அதில் புதிதாக அறிவது என்ன என்று கீழே ஒரு வரி எழுதினர். வரி எழுத இயலாத கட்டம் நீக்கப்பட்டது. கருவி நிற்கும் இடங்கள் அறையின் வரைபடத்தில் முன்னரே குறிக்கப்பட்டன.

படமெடுத்த நாளில் வேறு இடர்கள் தோன்றின. சுவர்க்கடிகாரம் ஒரு 'ஷாட்'டில் மூன்று மணியும் அடுத்ததில் நாலரையும் காட்டியது. ஒவ்வொரு முறையும் முள்ளைத் திருப்பி வைத்தனர். மின்விசிறியின் ஓசை பேச்சை விழுங்கியதால் விசிறிகளை நிறுத்திவிட்டு, ஆளில்லா அறையின் அமைதியை மட்டும் அரை நிமிடம் தனியே பதிவு செய்தனர். பின்னர் அவ்வமைதியின் மேல் ஒரு தாள் புரளும் ஓசையை வைத்தபோது, எவ்விசையும் தராத நடுக்கத்தை அது தந்தது. கருவி, ஒரு சாதாரணக் கைப்பேசிதான்.

இதனைத் திரையிட்டபோது எவரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அப்புறம்?" என்றது. ஒரு தொடக்கக் காட்சிக்கு அதனினும் சிறந்த பரிசு உண்டோ?

தமிழ்த்துறைக்குப் படப்பிடிப்பு எதற்கு என்று வினவுவோர் உளர். எதனை முன்னர்ச் சொல்வது, எதனைப் பின்னர்ச் சொல்வது, எதனைச் சொல்லாமல் விடுவது என்பதே எழுத்துக்கலை. வீண்சொல்லை நீக்கும் அப்பழக்கத்தை 24 கட்டங்களுள் மாணவர் கற்றனர். மனப்பாடம் செய்த நூற்பா ஒன்று, பயன்படு கருவியாகத் தம் கையில் மாறுவதையும் கண்டனர்.

அதனினும் மேலான பயன் ஒன்றுண்டு. பிறரை அஞ்சச் செய்யும் ஆற்றல் பொறுப்புடையது. சிந்திக்காத கலைஞன் கைக்கெட்டியதை எடுக்கின்றான். அவன் கைக்கு முதலில் எட்டுவது எளியோரின் துன்பமே. திட்டமிடாத திகில் படத்தில் பெண் ஓடிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் கொடுமையன்று, சோம்பல். ஒரு மாணவியின் வினா அச்சோம்பலைக் கலைத்தது. வரும் ஆண்டுகளில் இப்பயிற்சியைத் துறையின் நிலையான பணியாக ஆக்கவேண்டும் என்பதும், கருவியைத் தொடுமுன் அவ்வினாவை ஒவ்வொரு குழுவும் தன்னைத்தானே கேட்கவேண்டும் என்பதும் நம் துணிபு.