சட்டமும் நாமும்: "நாளையிலிருந்து வரவேண்டாம்"



பலாரோச் சந்தையிலோ, சாந்தா ரொசாலியா மலைக்கு ஏறும் வழியிலோ எம்மவர் சந்தித்துக் கதைக்கும்போது அடிக்கடி காதில் விழும் செய்தி ஒன்று உண்டு. "நொன்னா மோசம் போயிட்டா. மகன் வந்து, நாளையிலிருந்து வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டார்." கேட்பவர் அனுதாபப்படுவார். பிறகு, "வேறை வீடு ஏதும் இருந்தாச் சொல்லுங்கோ" என்பதுடன் பேச்சு முடிந்துவிடும். ஆனால் கணக்கு அங்கே முடிவதில்லை. "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்ற வார்த்தைக்கு இந்த நாட்டில் ஒரு விலை உண்டு. அதைப் பற்றியே இம்முறை பார்ப்போம்.

முதியோரையும் நோயாளரையும் வீட்டில் வைத்துப் பராமரிக்கும் 'பதாந்தே' வேலையும், வீட்டுவேலையும், வில்லாக் காவலும் பலெர்மோவில் எமது குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போடும் தொழில்கள். இவற்றுக்கென இத்தாலியில் 1958 ஆம் ஆண்டிலேயே 339 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆயினும் வீட்டு வேலையாளருக்குக் கூட்டு ஒப்பந்தம் செய்யும் உரிமை இருக்கவில்லை. 1969 இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 1974 இல் முதலாவது தேசிய ஒப்பந்தம் கைச்சாத்தானது. இன்று எமது கொந்திராத்தோக்களில் பெரும்பாலும் குறிக்கப்பட்டிருப்பது அந்த ஒப்பந்தத்தின் வழிவந்ததே. ஆகவே நாம் கேட்பது எவருடைய தயவையும் அல்ல. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுத்தில் இருக்கும் ஒன்றையே கேட்கிறோம்.

முதலில் 'பிரேஅவ்வீசோ' எனப்படும் முன்னறிவித்தல். வீட்டு முதலாளி காரணம் சொல்லாமலே வேலையிலிருந்து நிறுத்தலாம். ஆனால் முன்னறிவித்தல் இல்லாமல் நிறுத்த முடியாது. 2020 ஒக்டோபர் 1 இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி கால அளவுகள் இவை:

கிழமைக்கு 25 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்பவருக்கு, அதே வீட்டில் 5 ஆண்டுகள் வரை என்றால் 15 நாட்கள். 5 ஆண்டுகளுக்கு மேல் என்றால் 30 நாட்கள்.

25 மணித்தியாலத்துக்குக் குறைவாக வேலை செய்பவருக்கு, 2 ஆண்டுகள் வரை 8 நாட்கள். அதற்கு மேல் 15 நாட்கள்.

முதலாளி கொடுத்த தனி வீட்டில் குடும்பத்தோடு இருக்கும் வில்லாக் காவலாளருக்கும் வாயில் காவலாளருக்கும், ஓராண்டு வரை 30 நாட்கள். அதற்கு மேல் 60 நாட்கள். மொந்தெல்லோப் பக்கம் வில்லாக்களில் பிள்ளைகுட்டிகளோடு இருப்பவர்கள் இதை நினைவில் வைத்திருங்கள். வேலை போகும்போது இருக்க இடமும் போவதால்தான் இவர்களுக்குக் காலம் கூட்டித் தரப்பட்டிருக்கிறது.

இவை வேலைநாட்கள் அல்ல, நாட்காட்டி நாட்கள். இந்த நாட்களைத் தராமல் உடனே நிறுத்தினால், தராத நாட்களுக்குரிய சம்பளத்தைத் தரவேண்டும். உதாரணமாக, கிழமைக்கு 30 மணித்தியாலம், மாதம் 900 யூரோ, ஆறு வருட வேலை என்று வைத்துக்கொள்வோம். "நாளை வரவேண்டாம்" என்ற வார்த்தையின் விலை ஏறத்தாழ 900 யூரோ. முன்னறிவித்தல் நாட்களை விடுமுறை நாட்களோடு சேர்த்துக் கணக்கு முடிக்கவும் கூடாது. அந்த நாட்களில் நீங்கள் நோய்வாய்ப்பட்டால் நாட்கணக்கு அப்படியே நிற்கும். சுகமான பின்னரே மீண்டும் ஓடத் தொடங்கும்.

"பராமரிச்ச மனிசியே செத்துப்போச்சு, இனி ஆரிட்டைக் கேக்கிறது?" என்று சிலர் கேட்கிறார்கள். முதலாளி இறந்தாலும் முன்னறிவித்தல் காலம் பொருந்தும். இறக்கும் நாள்வரை சேர்ந்த சம்பளப் பாக்கிகளுக்கு, பதிவில் அவருடன் கூடி வாழ்ந்த குடும்பத்தவரும் பொறுப்பாளிகள் என்று ஒப்பந்தம் சொல்கிறது.

இங்கே எம்மவரைத் தடுப்பது சட்டமல்ல, மனம். பல வருடம் கையைப் பிடித்து நடத்திய, குளிப்பாட்டிய, ஊட்டிவிட்ட ஒருவர் போய்விட்டார். செத்தவீட்டில் நின்றுகொண்டு காசுக் கதை கதைப்பதா என்று கூச்சப்படுகிறோம். அந்தக் கூச்சம் நல்ல மனத்தின் அடையாளம்தான். செத்தவீட்டில் கேட்கச் சொல்லி நாமும் சொல்லவில்லை. ஒரு கிழமை போகட்டும். பிறகு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள். அன்பு வேறு, கணக்கு வேறு. நொன்னா மீது வைத்த பாசத்துக்கு யாரும் விலை பேசவில்லை. செய்த வேலைக்குரியதையே கேட்கிறோம்.

அடுத்தது, "இந்தக் கிழமை வரவேண்டாம்" என்பது. ஐயா ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டிருப்பார். அல்லது மகள் றோமிலிருந்து வந்து பத்து நாள் நிற்பா. உங்களை வரவேண்டாம் என்று சொல்லி, மாத முடிவில் அந்த நாட்களை வெட்டிவிட்டுச் சம்பளம் தருவார்கள். இது பிழை. விடுமுறை அல்லாத காலத்தில், முதலாளியின் தேவைக்காக வேலை இடைநிறுத்தப்பட்டால் முழுச் சம்பளமும் தரப்படவேண்டும். சாப்பாடும் தங்குமிடமும் கிடைக்கும் வேலையாயின், அந்த நாட்களில் அவை கிடைக்காவிட்டால் அவற்றுக்கான ஈட்டுத்தொகையும் சேரும்.

ஓகஸ்ட் மாதத்தில் வீட்டாட்கள் கடற்கரைக்குப் போவது வேறு கதை. வருடத்துக்கு 26 வேலைநாட்கள் சம்பளத்துடன் கூடிய விடுமுறை உண்டு. அதை யூன் முதல் செப்ரெம்பர் வரையான காலத்தில் முதலாளி குறிக்கலாம். ஆனால் அதுவும் சம்பளத்தோடுதான். ஊருக்குப் போய்வர நீண்ட விடுமுறை வேண்டுமென்றால், முதலாளியின் சம்மதத்துடன் இரண்டு வருட விடுமுறையைச் சேர்த்து எடுக்கவும் ஒப்பந்தத்தில் வழி உண்டு.

இவையெல்லாம் கைக்கு வருவதும் வராததும் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் தங்கியிருக்கிறது. எம்மவரில் பலர் வேலை செய்வது 40 மணித்தியாலம். பத்திரத்தில் இருப்பது 20. "மிச்சத்தைக் கையிலை தாறன்" என்ற பேச்சு கேட்க இனிமையாக இருக்கும். ஆறு வருடம் கழித்து வேலை போகும்போது, பத்திரத்தின்படி 15 நாள்தான், அதுவும் பாதிச் சம்பளத்தில். உண்மைப்படி 30 நாள், முழுச் சம்பளத்தில். 'எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா' என்று எங்கள் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? வேலை செய்த நாட்களையும் மணித்தியாலங்களையும் ஒரு கொப்பியில் அன்றன்றே குறித்து வையுங்கள். தொலைபேசிச் செய்திகளை அழிக்காதீர்கள்.

வேலை முடியும்போது சேரவேண்டியவை இன்னும் உண்டு. எக்காரணத்தால் வேலை முடிந்தாலும் 'லிக்குயிதாத்சியோனே' உங்களுடையது. வருடச் சம்பளத்தை 13.5 ஆல் பிரித்தால் அந்த வருடத்துக்குரிய தொகை வரும். மேலே சொன்ன 900 யூரோச் சம்பளத்துக்கு, பதின்மூன்றாம் மாதத்தையும் சேர்த்தால் வருடத்துக்கு ஏறத்தாழ 866 யூரோ. அத்துடன் எடுக்காத விடுமுறைக்கான காசும், பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தில் அதுவரை சேர்ந்த பங்கும் வரும்.

இன்னொரு பொறி. "நீங்களே விலகுவதாக ஒரு கடிதம் எழுதித் தாருங்கோ, எல்லாருக்கும் சுகம்" என்பார்கள். எழுதிக் கொடுத்தால் முன்னறிவித்தல் காசு மட்டும் போவதில்லை. 2015 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ள 'நாஸ்பி' என்னும் வேலையில்லாக் காலக் கொடுப்பனவும் போய்விடும். நிறுத்தப்பட்டவருக்கு அது உண்டு; கடைசி நான்கு வருடத்தில் 13 கிழமைப் பங்களிப்பு இருக்கவேண்டும், வேலை முடிந்து 68 நாட்களுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். தானாக விலகியவருக்கு, சம்பளம் தராமை போன்ற தக்க காரணம் இருந்தாலன்றி, அது கிடையாது. வேலைநீக்கத்தை உறுதிப்படுத்தும் பத்திரத்தை எழுத்தில் கேட்டால் முதலாளி தந்தே ஆகவேண்டும். "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று அவசரத்தில் ஒப்பமிட்டுவிட்டவர்களும் கலங்கவேண்டாம். தொழிற்சங்கம் போன்ற சட்டம் ஏற்ற இடத்தில் இடாத ஒப்பமாயின், ஆறு மாதத்துக்குள் அதை எதிர்க்கலாம். வதிவிடப் பத்திரத்தை நினைத்தும் பயப்படவேண்டாம். வேலை போனதற்காக மட்டும் அதைப் பறிக்க முடியாது.

சட்டம் இரு பக்கமும் வெட்டும். இலண்டனுக்கோ யேர்மனிக்கோ போக ரிக்கற் எடுத்துவிட்டு, முதல் நாள் இரவு சொல்லிவிட்டுப் போகிறவர்களும் எம்மிடையே உண்டு. 25 மணித்தியாலமும் அதற்கு மேலும் வேலை செய்பவர் தானாக விலகினால் மேற்சொன்ன நாட்களில் பாதியைத் தரவேண்டும். தராவிட்டால் அந்தக் காசு கழிக்கப்படலாம். காசை விடுங்கள், படுக்கையில் கிடக்கும் ஒருவரைக் காலையில் தூக்கி இருத்த ஆளில்லாமல் விட்டுப்போவது எமக்கு அழகல்ல.

இங்கே பிறந்து வளர்ந்து தாதியரான எங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். 'பார்த்தீத்தா ஈவா' திறந்து சுயமாக வேலை செய்பவருக்கு மேலே சொன்ன வீட்டுவேலை ஒப்பந்தம் பொருந்தாது. அவர்களுக்கு 2017 ஆம் ஆண்டின் 81 ஆம் இலக்கச் சட்டம் உண்டு. தொடர்ச்சியான வேலையில், போதிய முன்னறிவித்தல் இன்றி விலகலாம் என்று மற்றப் பக்கம் எழுதிக்கொள்ளும் நிபந்தனை செல்லாது. 60 நாட்களுக்கு மேல் காசு தாமதிக்கலாம் என்ற நிபந்தனையும் செல்லாது. ஆனால் 'போதிய' என்றால் எத்தனை நாள், கடைசி நேரத்தில் முறை நிறுத்தப்பட்டால் எவ்வளவு என்பதை நீங்கள்தான் ஒப்பந்தத்தில் எழுதுவித்துக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு அவவின் கூட்டு ஒப்பந்தம் எழுதித் தந்ததை, நீங்கள் உங்கள் கையால் எழுதவேண்டும்.

வீட்டுவேலை ஒப்பந்தம் 2025 ஒக்டோபர் இறுதியில் புதுப்பிக்கப்பட்டது. ஆகவே எதற்கும் ஒப்பமிடுமுன், கொந்திராத்தோவையும் சம்பளத் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு தொழிற்சங்கத்துக்கோ பத்ரொனாத்தோவுக்கோ ஒருமுறை போய்வாருங்கள். பாஷை தடையென்றால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். தாய் எவ்வளவு வேலை செய்தாள் என்பதைப் பிள்ளையும் அறிந்துகொள்ளட்டும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.