மாரடைப்பும் தலைவிதியும்

“எங்கள் வம்சமே நெஞ்சடைத்துச் சாகிற வம்சம், பாட்டன் போனார், அப்பன் போனார், அடுத்தது நான்தான், இதில் நடந்தென்ன, ஓடியென்ன?” என்று சொல்லித் திண்ணையை விட்டு இறங்காதவர்களை ஊருக்கு ஊர் பார்க்கின்றோம். இவர்களில் ஜாதகத்தை நம்பாதவர்களும் இருப்பதுதான் வேடிக்கை. பிரமன் எழுதினான் என்றால் சிரிக்கிறவர், பரம்பரை என்றவுடன் கையைக் கட்டிக்கொள்கின்றார். தலைவிதி என்ற பழைய சரக்குக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டால் அது விஞ்ஞானமாகிவிடுமா என்று கேட்கின்றோம்.

பரம்பரை என்பது பொய்யென்று நாம் சொல்லவில்லை. தகப்பனுக்கு 55 வயதுக்குள்ளோ, தாய்க்கு 65 வயதுக்குள்ளோ மாரடைப்பு வந்திருந்தால் மக்களுக்கு ஆபத்து அதிகம் என்று வைத்தியர்கள் சொல்லுவது உண்மையேயாகும். கெட்ட கொழுப்பும், இரத்த அழுத்தமும், சர்க்கரை வியாதியும் பிறப்பு வழியாய் வருவதுண்டு. ஆனால் அப்பனிடமிருந்து மகனுக்கு வருவது அவை மட்டுந்தானா? அதே பீடிக்கட்டு, அதே எண்ணெய்ப் பலகாரம், அதே சாய்வு நாற்காலி இவைகளும்தானே வருகின்றன! இவைகளை எந்தப் பிரமன் எழுதினான்?

லண்டன் மாடி பஸ்காரர்களைப் பற்றி மாரிஸ் என்ற வைத்திய ஆராய்ச்சிக்காரர் 1953-இல் வெளியிட்ட சங்கதியைப் பாருங்கள். டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவர். கண்டக்டரோ டிக்கட் கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாய் ஏறி இறங்குபவர். கண்டக்டர்களுக்கே மாரடைப்பு குறைவாயிருந்தது. டிரைவர்கள் வேலைக்குச் சேரும்போதே பருத்தவர்களா என்று, உடுப்பின் இடுப்பளவை வைத்து 1956-இல் அவரே சோதித்து, ஆம், ஓரளவு அப்படித்தான் என்றும் சொன்னார். தம் முடிவையே சந்தேகிக்கும் இந்த யோக்கியதை எந்த ஜோசியனுக்காவது உண்டா?

2016-இல் சுமார் 55,000 பேரைப் பற்றிய ஆராய்ச்சியொன்று வெளிவந்தது. பிறப்பிலேயே ஆபத்து அதிகமுள்ளவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தார்கள். புகை பிடியாமை, பருமனாகாமை, தேகப்பயிற்சி, நல்ல உணவு ஆகிய நான்கில் மூன்றையாவது கைக்கொண்டவர்களுக்கு, ஒன்றுகூட இல்லாமலோ ஒன்றோடு நின்றோ இருந்தவர்களைவிட, இருதய நோய் 100-க்கு 46 பங்கு குறைவாயிருந்தது. ஆயுஷ் ஹோமத்தில் கொட்டும் நெய்க்கு இப்படி ஒரு கணக்கைப் புரோகிதர்கள் காட்டட்டும், பார்ப்போம்.

நிற்க, “ஓட்டத்தைப் பற்றிப் புத்தகமெழுதிய அமெரிக்கர் ஜிம் ஃபிக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே 1984-இல் செத்தாரே?” என்று ஆட்சேபிப்பார்கள். செத்தார், வயது 52. அவர் தகப்பனாருக்கு 35-ல் மாரடைப்பு, 43-ல் மரணம். மகனோ முப்பத்தைந்து வயது வரை பருத்த உடம்பும் ஓயாத சிகரெட்டுமாயிருந்து, பிறகே ஓடத் தொடங்கியவர். தகப்பனைவிட 9 வருஷம் அதிகம் வாழ்ந்தார். அந்த ஒன்பதும் ஓட்டத்தால்தான் வந்தது என்று சத்தியம் செய்ய நாம் தயாராயில்லை. ஆனால் அவருடைய இருதய இரத்தக்குழாய்கள் பெரிதும் அடைபட்டிருந்ததைப் பிரேத பரிசோதனை காட்டியது. தேகப்பயிற்சி தாயத்தல்ல. தாயத்தை அறுத்தெறிந்த கையில் அதையே இன்னொரு தாயத்தாய்க் கட்டிக்கொள்வதும் மூடநம்பிக்கைதான்.

ஆதலால் குடும்பத்தில் இந்நோயுள்ளவர்கள் முதலில் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் சோதித்துக்கொள்ள வேண்டும். மாத்திரை கொடுத்தால், நடக்கிறோமே என்று அதை நிறுத்தக் கூடாது. பிறகு வாரத்தில் 5 நாள், நாளைக்கு 30 நிமிஷம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் நடந்தால் போதும். கோவிலை 108 சுற்றுச் சுற்றியதால் உடம்பு இளைத்தது என்பவரிடம் நமக்குச் சண்டையில்லை. இளைக்க வைத்தது கால்கள் என்பதை அவர் ஒப்புக்கொண்டால் சரி. பெண்களும் நடக்க வேண்டும். அடுப்படியில் நிற்பதை நடையென்று கணக்கெழுதிவிட்டு ஆண்கள் மட்டும் காற்று வாங்கப் போவது அக்கிரமமாகும். நடக்கும்போது நெஞ்சு இறுகி, நின்றால் விடுகிறதென்றால் தாமதியாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். நின்றும் விடவில்லையென்றால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான், ராகுகாலமானாலும் சரி.