எட்டாம் மாதக் குழந்தையும் பட்டாளத்துத் தகப்பனும்

"ஏழாம் மாதத்தில் பிறந்தால் பிழைக்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தால் தங்காது" என்பதாக நம் மக்களுக்குள் ஒரு நம்பிக்கை வெகுகாலமாக இருந்து வருகின்றது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மாத்திரம் இப்படி நம்புவதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். பட்டம் பெற்றவர்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு உண்டு. கிரேக்க தேசத்தில் ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் வைத்திய நூல்களிலேயே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இதே சங்கதி எழுதப்பட்டிருக்கின்றது. ஆனால் பழமை வேறு, உண்மை வேறு.

உண்மை என்னவென்றால், வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான். 37 வாரம் நிரம்பாமல் பிறப்பது குறைப்பிரசவம். 34 வாரத்துக்கு முன் பிறந்தால் நுரையீரல் பக்குவப்படாமல் மூச்சுத் திணறும் அபாயம் அதிகம். ஆகவே ஏழாம் மாதக் குழந்தையைவிட எட்டாம் மாதக் குழந்தைக்கே பிழைக்க வழி அதிகம். ஏழு ஒற்றை, எட்டு இரட்டை என்கின்ற கணக்கு ஜோசியனுக்குத் தெரியுமே ஒழிய நுரையீரலுக்குத் தெரியாது.

நிற்க. இந்த நம்பிக்கையால் ஒரு வீட்டில் என்ன நேரும் என்று பார்ப்போம். கொல்லிமலையில் பிறந்த ஒருவன் பட்டாளத்தில் சேர்ந்து லடாக்கிலோ காஷ்மீரிலோ காவல் இருக்கின்றான் என்று வைத்துக் கொள்வோம். மனைவிக்கு எட்டாம் மாதத்திலேயே வலி காண்கின்றது. செம்மேட்டிலிருந்து காரவள்ளிக்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள். அதன் பிறகு நாமக்கல்லோ சேலமோ போக வேண்டும். வீட்டுப் பெரியவர்களோ, "எட்டாம் மாதம், தங்கப் போவதில்லை, அவளை ஏன் அலைக்கழிப்பது? அவனுக்குச் சொல்லி ஏன் கலங்க வைப்பது?" என்கின்றார்கள். தாயும் இறங்குவதில்லை, தகப்பனுக்கும் செய்தி போவதில்லை. பிறகு குழந்தை இறந்தால், "பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது பலித்தது" என்கின்றார்கள். பலித்தது சாஸ்திரமா, அல்லது கவனிக்காமல் விட்ட குற்றமா என்று கேட்கின்றோம்.

குறைமாதத்தில் வலி கண்டால், நேரம் இருக்கும்போதே, பிறப்பதற்கு முன்பே 108 வண்டியில் தாயை இறக்க வேண்டும். குறைமாதக் குழந்தைக்குத் தாயின் வயிற்றைவிட நல்ல வண்டி கிடையாது. பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஊசி போட்டுக் குழந்தையின் நுரையீரலைப் பக்குவப்படுத்தலாம் என்பதை 1972-ஆம் ஆண்டிலேயே நியூசிலாந்து வைத்தியர்கள் காட்டிவிட்டார்கள்.

சரி, தகப்பன் வந்து என்ன செய்யப் போகின்றான் என்று சிலர் கேட்கலாம். அவன் மார்பே மருந்து என்பதே நமது பதில். கொலம்பியா தேசத்துத் தலைநகரான பொகோட்டாவில், 1978-இல், கண்ணாடிப் பெட்டிகள் போதாத ஆஸ்பத்திரி ஒன்றில், குறைமாதக் குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டிவைக்கும் முறையை ரே சனாப்ரியா என்ற டாக்டர் தொடங்கினார். கங்காரு முறை என்று இதற்குப் பெயர். இந்தியா உள்ளிட்ட ஐந்து தேசங்களில் நடத்தி 2021-இல் வெளியான ஆராய்ச்சியில், 1.8 கிலோவுக்கும் குறைந்து பிறந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே இப்படி அணைத்து வைத்ததில், 100-க்கு ஏறக்குறைய 16 ஆக இருந்த சாவு 12 ஆகக் குறைந்தது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் நாள் ஒன்றுக்கு 8 மணி முதல் 24 மணி வரை இதைச் செய்யச் சொல்லியிருக்கின்றது. இத்தனை மணி நேரத்தையும் பிரசவித்து இளைத்த ஒருத்தி தனியாகச் சுமப்பதா? அவள் தூங்கும்போது தகப்பன் அணைத்துக் கொண்டால் குழந்தைக்குச் சூடு குறைந்தா போகும்?

ஆனால் நம்மவர்களோ தீட்டு என்றும், பதினோரு நாள் ஆகட்டும் என்றும், கொடி சுற்றிப் பிறந்ததால் மாமனுக்கு ஆகாது என்றும் சொல்லி, வந்த ஆண்பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்துகின்றார்கள். எல்லையில் குண்டுக்கு அஞ்சாதவன் சொந்தக் குழந்தையைத் தொட அஞ்ச வேண்டுமாம்! கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதுதான் குழந்தைக்குக் காவலே தவிர, பஞ்சாங்கத்தைப் பார்ப்பதல்ல.

இனி சர்க்காரின் சங்கதி. மத்திய சர்க்கார் ஆண் ஊழியர்களுக்குப் பிரசவத்தை ஒட்டி 15 நாள் லீவு என்ற விதி 1997 முதல் இருக்கின்றது. 30 வாரத்தில் பிறந்த குழந்தை நிறைமாதக் கணக்கை எட்டவே 10 வாரம் ஆகும். 15 நாள் எம்மட்டு? ராணுவத்திலோ லீவு என்பது உரிமையல்ல. படையின் தேவைக்கு உட்பட்டு மேலதிகாரி கொடுப்பது. பெண் சிப்பாய்களுக்கும் பெண் அதிகாரிகளுக்குச் சமமாகப் பிரசவ லீவு என்று 2023-இல் முடிவு செய்ததை மனமாரப் பாராட்டுகின்றோம். ஆனால் குழந்தை தாய்க்கு மாத்திரம் சொந்தமா?

எல்லோரும் வீட்டுக்கு வந்துவிட்டால் எல்லையை யார் காப்பது என்பார்கள். குறைப்பிரசவம் எல்லாச் சிப்பாய் வீட்டிலும் நடப்பதல்ல. உலகெங்கும் படை வைத்திருக்கும் அமெரிக்கா 2022 முடிவிலிருந்து படையில் உள்ள தகப்பனுக்கும் 12 வாரம் கொடுக்கின்றது. பிரிட்டனில் 2023-இல் இயற்றி 2025 ஏப்ரலில் அமலுக்கு வந்த சட்டம், பிறந்த குழந்தை ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆஸ்பத்திரியில் இருக்க நேர்ந்தால் வேலை செய்யும் தாய் தகப்பன் இருவருக்கும் 12 வாரம் வரை தனி லீவு தருகின்றது.

ஆகவே, குறைமாதக் குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கும் நாள் முழுதும் சிப்பாய்க்குத் தனி லீவும், உடனே வந்து சேரப் பயண வசதியும் சட்டமாக்கப்பட வேண்டும் என்று சர்க்காரைக் கேட்கின்றோம். நம் மக்களைக் கேட்பதோ இன்னும் சுலபமானது. எட்டாம் மாதம் என்று கைவிடாதீர்கள். தகப்பனுக்கு உடனே சொல்லுங்கள். அவன் வந்தால் கதவைத் திறந்து குழந்தையை அவன் மார்பில் கொடுங்கள். இதற்குச் சர்க்கார் உத்தரவு வேண்டியதில்லை. புத்தி இருந்தால் போதும்.